தோட்டத்துத் தொட்டியில் வர்ணக் கெண்டை வளர்த்தல்
(தொண்டாமுத்தூர் விவசாயச் செய்முறை விளக்குநர் எழுதுவது)

தொண்டாமுத்தூர் பிர்க்காவில் பாக்கும் தென்னையும் வாழையும் வைத்திருக்கும் குடியானவர்களிற் சிலர், கிணற்றடியில் ஜலம் தேக்குவதற்கென்று கட்டிய சிமெண்டுத் தொட்டிகளிலும், சாளைக்கு முன்னால் புதிதாய் வெட்டிய சிறு குட்டைகளிலும், கோய் என்னும் ஜப்பானிய வர்ணக் கெண்டைகளை விட்டு வளர்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். வெங்காயத்துக்கு மருந்து கேட்க வந்தவர்கள், எழுந்து போகும் சமயத்தில், "மீன் மட்டும் ஏனுங்க செத்துச் செத்து மிதக்குது?" என்று கேட்பது எனக்கு வழக்கமாய்விட்டது. இக்கேள்விக்கு அவர்களே வைத்திருக்கும் விடை, குளிர்ந்த தேசத்து மீனுக்கு நமது வெயில் ஒத்துக்கொள்ளாது என்பதாகும். அவ்விடை பெரும்பாலும் தவறு. மீன் சாவது நடுப்பகலில் அன்று, விடியற்காலையில். இந்த ஒரு விஷயத்தை ஆராய்ந்தால் மற்றவை தாமே விளங்கும்.

முதலில் இம்மீனின் பூர்வோத்தரத்தைச் சிறிது கூறுகிறேன். கோய் என்பது தனியான அபூர்வ ஜாதியன்று. உணவுக்கு வளர்க்கப்படும் சாதாக் கெண்டையின் வர்ண பேதமே. ஜப்பானில் நீகாட்டாப் பிரதேசத்து மலைகளில் நெல் பயிரிடும் குடியானவர்கள், பனிக்காலத்து உணவுக்காகத் தங்கள் பாசனக் குட்டைகளில் கருங்கெண்டையை வளர்த்து வந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவற்றிடையே சிவப்பும் வெள்ளையுமான குஞ்சுகள் தோன்ற, அவற்றைக் கொல்லாமல் பிரித்து வைத்து இனம் பெருக்கினார்கள். 1914-ஆம் வருஷம் டோக்கியோ பொருட்காட்சியில் இவை வைக்கப்பட்ட பிறகே ஜப்பான் முழுவதிலும் பெயர் பெற்றன. ஆகவே இது தனவந்தர் மாளிகையில் பிறந்த மீன் அன்று, நம்மைப் போன்ற குடியானவரின் குட்டையில் பிறந்த மீன். நமது பக்கத்துக்கும் சாதாக் கெண்டை புதிதன்று. 1939-இல் இலங்கையிலிருந்து கொணர்ந்த கண்ணாடிக் கெண்டை நீலகிரியில் விடப்பட்டது. 1957-இல் பாங்காக்கிலிருந்து வந்த வேறொரு வகை, சமவெளியின் உஷ்ணத்தில் நன்கு விருத்தியாகி, இன்று நமது மாகாணத்துக் குளங்களில் கட்லா, ரோகு, மிர்கால் இவற்றோடு சேர்த்து வளர்க்கப்பட்டு வருகிறது. இந்தச் சகோதர இனம் வாழும் ஜலத்தில் கோய் வாழ இயலாது என்பதற்கு நியாயமில்லை. 20 முதல் 28 டிகிரி செண்டிகிரேட் உஷ்ணம் இதற்கு உத்தமம். அதற்குச் சற்று மேலே போனாலும் தாங்கும்.

அப்படியானால் கோடையில் சாவு மிகுவானேன்? ஜலத்தில் கரைந்துள்ள பிராணவாயுவை மீன் செவுள் வழியாகச் சுவாசிக்கிறது. 20 டிகிரி உஷ்ணமுள்ள ஒரு லிட்டர் ஜலம் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 டிகிரியில் சுமார் ஏழரை மில்லிகிராமே தாங்கும். ஜலம் சூடேறும்போது மீனின் பசியும் மூச்சும் மிகுகின்றன. கொள்கலத்தில் உள்ள வாயுவோ குறைகிறது. இதோடு, நமது தொட்டிகளில் பச்சை நிறமாய்ப் படரும் பாசி பகலில் வெயிலைக் கொண்டு பிராணவாயுவை வெளிவிட்டாலும், இரவில் தானும் சுவாசித்து அதே வாயுவை உட்கொள்ளுகிறது. தின்னாமல் அடியில் தங்கிய தீனியும் எருவும் அழுகும்போதும் அவ்வாறே. ஆகவே பொழுது சாய்ந்ததிலிருந்து வாயு குறைந்துகொண்டே வந்து, விடியற்காலை 4 மணிக்கும் 6 மணிக்கும் இடையே மிகவும் தாழ்ந்த நிலையை அடைகிறது. லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருப்பது நலம். 2-க்குக் கீழே போனால் பெரிய மீன்களுக்கு ஆபத்து. காற்று வீசாத மேகமூட்டமான நாளில் பாசி பகலிலும் வேலை செய்யாது. மறுநாள் விடியலில் ஆபத்து இரட்டிப்பாகும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தொட்டியை அலைத்துக்கொண்டிருக்கையில் இத்தொல்லை குறைவாயிருப்பதையும், பங்குனி, சித்திரையில் மிகுந்திருப்பதையும் கவனித்தவர்கள் வெயிலின் மேல் பழி போட்டதில் ஆச்சரியமில்லை.

இதை நான் புத்தகத்தில் படித்திருந்தும், ஒரு சமயம் பிழை செய்தேன். அதை மறைப்பது உசிதமன்று. சில வருஷங்களுக்கு முன் ஒரு சித்திரை மாதத்தில், நமது பிர்க்காவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் மாலை 6 மணிக்கு என்னைக் கூப்பிட்டு, "மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்குதுங்க" என்று சொன்னார். அவருடைய தொட்டி 10 அடி நீளம், 8 அடி அகலம்; ஜலம் மூன்றரை அடி. அதாவது 280 கன அடி, சுமார் 8,000 லிட்டர். அதில் பட்டணத்திலிருந்து பேரன் வாங்கி வந்த 60 கோய்கள், சாண் நீளத்துக்கு வளர்ந்திருந்தன. பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து நாள் முழுதும் பொரியும் கடலைப் பிண்ணாக்கும் போட்டிருந்தார்கள். அன்று மேகமூட்டம், இலை அசையவில்லை. நான் நேரே போய்ப் பார்த்திருக்க வேண்டும். வேறு வேலை இருந்தமையால், "பழைய தண்ணீர் கெட்டிருக்கும், ராத்திரி முழுக்கப் போர்த் தண்ணீரை விடுங்கள்" என்று சொல்லிவிட்டேன். அவரும் 800 அடி ஆழத்துப் போரிலிருந்து வரும் குழாயைத் தொட்டியின் அடியில் போட்டு விடிய விடிய ஜலம் விட்டார். காலையில் 41 மீன்கள் செத்து மிதந்தன. பெரியவை எல்லாம் போயின. மிஞ்சிய 19-ம் சிறியவை.

பூமிக்குள் ஆழத்தில் இருக்கும் ஜலம் காற்றைக் காணாதது. அதில் பிராணவாயு மிகக் குறைவு, கரியமிலவாயு மிகுதி. அதைக் காற்றில் விழச் செய்யாமல் அடியிலே விட்டதனால், இருந்த கொஞ்சத்தையும் நான் வழிந்தோடச் செய்தேன். பெரியவர் என்னைக் கடிந்து ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. செத்த மீன்களைத் தென்னை மரத்தடிகளில் புதைத்துக்கொண்டே, "வெயில் தாங்கலீங்க" என்றார். வெயில் அல்ல, நான் சொன்ன யோசனை என்று அவரிடம் ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது யாதெனில்: தீனியை அடியோடு நிறுத்த வேண்டும். குழாயின் வாயைத் தொட்டிக்கு மேல் மூன்று, நான்கு அடி உயரத்தில் கட்டி, துளையிட்ட தகரத்தின் மீதோ சொரசொரப்பான கல்லின் மீதோ ஜலம் சிதறி விழும்படி செய்ய வேண்டும். புது ஜலம் இல்லாவிட்டாலும் கவலையில்லை. தொட்டி ஜலத்தையே சிறு மோட்டாரால் எடுத்து அவ்வாறு விழச் செய்தால் போதும். மின்சாரம் நின்றுவிட்டால் குடத்தால் மொண்டு உயர்த்தி ஊற்றிக்கொண்டிருப்பதும் பலன் தரும். இதை ராத்திரி 10 மணி முதல் சூரியோதயம் வரை செய்வதே முக்கியம். பகலில் நீரூற்று விட்டு அழகு பார்த்து, ராத்திரி மின்சாரச் செலவுக்கு அஞ்சி நிறுத்துகிறவர்கள் காரியத்தைத் தலைகீழாய்ச் செய்கிறார்கள்.

இனித் தொட்டியைப் பற்றி. ஆழம் நான்கு அடிக்குக் குறையலாகாது. நாலரை, ஐந்து அடி இருந்தால் அடியில் உள்ள ஜலம் மத்தியானத்திலும் அவ்வளவு காய்வதில்லை. மேற்கு வெயில் படாமல் பாதிப் பரப்புக்கு நிழல் வேண்டும். இதற்குப் பாக்குத் தோப்பின் ஓரம் நல்லதாயினும், மட்டையும் பாளையும் விழுந்து அழுகும். பந்தல் போட்டு நிழல் வலை கட்டுவது சிலாக்கியம். புதுச் சிமெண்டுத் தொட்டியில் உடனே மீன் விடலாகாது. சுண்ணாம்புக் காரம் கசிந்து செவுளை அரிக்கும். வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஜலம் நிரப்பி, சில நாள் ஊற வைத்துக் கொட்டி, இவ்வாறு இரண்டு மூன்று முறை செய்வது நமது பக்கத்து வழக்கம். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரானால் ஒரு நாள் திறந்த தொட்டியில் அலைத்து வைத்த பிறகே விட வேண்டும்.

எத்தனை மீன் என்பதிலேதான் நமது ஜனங்கள் பெரும்பாலும் தவறுகிறார்கள். வாங்கும்போது விரல் நீளமிருக்கும் குஞ்சு, நன்கு பராமரித்தால் இரண்டு அடி நீளமும் அதற்கு மேலும் வளரும். ஆகையால் வளர்ந்த மீன் ஒன்றுக்கு 1,000 லிட்டர் ஜலம் என்று கணக்கிட வேண்டும். நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அடிக்கணக்கில் பெருக்கி, வந்ததை 28-ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். மேற்சொன்ன பெரியவரின் தொட்டிக்கு 8 மீன், விட்டிருந்ததோ 60. கலப்பைக்கு இரண்டு மாடு பூட்டுகிற இடத்தில் பதினைந்து பூட்டுவோமா?

மீன் தன் செவுள் வழியாகவே அம்மோனியா என்னும் உப்பாவியைக் கழிக்கிறது. ஜலம் சூடாகவும் காரமாகவும் இருக்கையில் இது கொடிய விஷம். பாசி மிகுந்த தொட்டியில் பிற்பகலில் காரம் ஏறுவது வழக்கமாகையால், மத்தியானத்தில் மீன் தலை சுழன்று அலைந்தால் இதைச் சந்தேகிக்க வேண்டும். பரிகாரம் வடிகட்டி. 200 லிட்டர் பீப்பாயில் ஜல்லியும் பழைய பிளாஸ்டிக் வலையும் நிரப்பி, அடியில் ஜலம் புகுந்து மேலே வழியும்படி அமைத்தால், சிறு தொட்டிக்குப் போதுமானது. அதில் படியும் நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அவை குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை இரண்டு மூன்று மீன்களுக்கு மேல் விடாமலிருப்பது நலம். வாரந்தோறும் எடுக்கும் பழைய ஜலத்தை வாழைக்கு விட்டால், அதிலுள்ள தழைச்சத்து வீணாகாது. இவ்விதம் தொட்டி தோட்டத்தோடு சேர்ந்து உழைக்கிறது.

தீனி காலை ஒரு முறை, மாலை வெயில் தாழுமுன் ஒரு முறை. ஐந்து நிமிஷத்தில் தின்று தீர்க்கும் அளவே. பொழுது சாய்ந்த பிறகு போடுவது, முன்சொன்ன விடியற்காலை ஆபத்தை வலிய அழைப்பதாகும். புதிதாய் வாங்கிய மீனை மூன்று வாரமாவது வேறு தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே பழைய மீனோடு சேர்க்க வேண்டும். நங்கூரப் புழுவும் மீன் பேனும் இவ்வழியாகவே வருகின்றன. அத்தனித் தொட்டியில் 1,000 லிட்டருக்கு 3 கிலோ கல்லுப்புக் கரைத்து வைப்பது நல்லது. அந்த உப்பு ஜலத்தை மட்டும் பாக்குக்கோ வாழைக்கோ விட்டுவிட வேண்டாம்.

பாக்குத் தோப்புக்காரர்கள் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். காய் அழுகலுக்குத் தெளிக்கும் போர்டோக் கலவையில் மயில்துத்தம் இருக்கிறது. துத்தத்திலுள்ள தாமிரம் மிகச் சிறு அளவிலும் மீனுக்கு ஆகாது. வெங்காயத்துக்கும் காய்கறிக்கும் அடிக்கும் சைபர்மெத்ரின் முதலியவை அதனினும் கொடியவை. தெளிப்பான் கழுவிய ஜலம் ஒரு வாளி வந்து சேர்ந்தாலே தொட்டி காலியாகும். தெளிக்கும் நாளில் தொட்டியை மூடி வைக்க வேண்டும். தெளிப்பானைத் தொட்டியருகிற் கழுவலாகாது. சாவின் காரணத்தை அறிய ஓர் எளிய குறி உண்டு. பெரிய மீன்கள் முதலிலும், வாய் பிளந்தபடியும், விடியலிலும் செத்தால் பிராணவாயுக் குறைவு. சிறிது பெரிது என்ற பேதமின்றி, ஜலத்துப் பூச்சிகளும் தவளைக் குஞ்சுகளும் கூடவே செத்துக் கிடந்தால் விஷம்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு ஒரு விண்ணப்பம். வளர்ந்துவிட்ட மீனை வைத்துக்கொள்ள முடியாதவர்கள், கொல்ல மனமில்லாமல், சித்திரைச்சாவடி வாய்க்காலிலோ குளத்திலோ விட்டுவிடுவதைத் தடுக்க வேண்டும். அவ்வாய்க்கால் நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி முதலிய குளங்களுக்கு ஜலம் கொண்டுபோவது. கெண்டை அடிச் சேற்றைக் கிளறி இரை தேடுவதால் ஜலம் கலங்கி, நீர்ப்பூண்டும் நாட்டு மீனும் நசிக்கும். ஆஸ்திரேலியாவில் மர்ரே-டார்லிங் நதிகள் இவ்வினம் பெருகியதனால் பட்ட பாடு உலகறிந்தது. மேலும் வாங்கி வந்த மீனின் நோய் குளத்து மீன் வளர்ப்போருக்குப் பரவும். வேண்டாத மீனை வேறொரு தொட்டிக்காரருக்குக் கொடுக்கலாம். சமைத்தும் உண்ணலாம், கெண்டைதானே. உணவுக்கென்றே வளர்க்க விரும்புவோர் வர்ணத்தை நாடாமல், பண்ணைக் குட்டையில் கட்லா, ரோகு விடுவதே லாபம்.

கொக்குக்கும் மீன்கொத்திக்கும் வலை போதும். வெள்ளியங்கிரி அடிவாரத்தை ஒட்டிய தோட்டங்களில் வலையால் தீராத விருந்தாளி ஒருவர் உண்டு. கோடையில் காட்டை விட்டு இறங்கும் யானை, திறந்த தொட்டியைக் கண்டால் குடிக்காமல் போவதில்லை. அங்கே தொட்டியைச் சாளைச் சுவரோடு ஒட்டிக் கட்டுவது தவறு. மீனைப் பார்க்கும் வசதிக்காக ஆள் படுக்கும் இடத்துக்கு யானையை வரவழைப்பதாகும். சிறு குழந்தைகள் உள்ள வீடுகளில் சுற்றிலும் இரண்டரை அடிக் கட்டுச்சுவர் அவசியம்.

மேற்சொன்ன பெரியவர், மிஞ்சிய 19 மீன்களில் 11-ஐப் பங்காளிகள் வீட்டுத் தொட்டிகளுக்குக் கொடுத்துவிட்டு 8-ஐ வைத்துக்கொண்டார். பீப்பாய் வடிகட்டி வைத்து, அரைக் குதிரைச் சக்தி மோட்டாரால் ராத்திரி முழுதும் ஜலத்தைத் தகரத்தின் மேல் விழச் செய்கிறார். அடுத்த சித்திரையில் மேகம் மூடியிருந்த ஒரு நாள், சொல்லாமல் விடியற்காலை 5 மணிக்குப் போய் டார்ச் விளக்கடித்துப் பார்த்தேன். மேலே ஒன்றும் இல்லை. எட்டும் அடியில் நின்றுகொண்டிருந்தன.