30 ஆண்டுக்கு முந்தைய மின்னிலக்கியம் இன்றைய கணினியில் இயங்காதது ஏன்?

கணினியில் மட்டுமே வாசிக்கும் வகையில் உருவாக்கப்பட்ட மின்னிலக்கியப் படைப்புகள், அவற்றை எழுதியவர்களின் வாழ்நாளுக்குள்ளேயே திறக்க முடியாதவையாகி வருகின்றன. அவற்றை மீட்க முக்கியமாக மூன்று வழிகள் பின்பற்றப்படுகின்றன.

மின்னூலில் இருந்து வேறுபாடு என்ன?

அமெரிக்க எழுத்தாளர் மைக்கேல் ஜாய்ஸ் 1987-இல் உருவாக்கிய 'ஆஃப்டர்நூன், எ ஸ்டோரி' இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஈஸ்ட்கேட் சிஸ்டம்ஸ் நிறுவனம் 1990-இல் இதை ஃபிளாப்பியில் வெளியிட்டது. 'ஸ்டோரிஸ்பேஸ்' மென்பொருளில் அமைந்த இக்கதையில் 500-க்கும் மேற்பட்ட பகுதிகள் உள்ளன. வாசகர் எந்தச் சொல்லைத் தேர்வு செய்கிறார், ஏற்கெனவே எவற்றை வாசித்துள்ளார் என்பதைப் பொறுத்தே அடுத்த பகுதி தோன்றும். எனவே, எழுத்தை மட்டும் அச்சிட்டு வைத்தால் கதை காப்பாற்றப்பட்டதாகாது.

எங்கே தடைபடுகிறது?

முதல் தடை ஃபிளாப்பி. பழைய மேகின்டோஷ் கணினிகளின் 800 கிலோபைட் ஃபிளாப்பிகளை, வழக்கமான யுஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ்களாலும் படிக்க இயலாது. கோப்பைப் பிரதியெடுத்தாலும் இயங்குதளம் அடுத்த தடையாகிறது. 64 பிட் விண்டோஸில் 16 பிட் மென்பொருள்கள் இயங்குவதில்லை. 2019-இல் வெளியான மேக் ஓஎஸ் கேட்டலினா, 32 பிட் மென்பொருள்களைக் கைவிட்டது.

இணையப் படைப்புகளும் தப்பவில்லை. ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவை அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-ஆம் தேதியுடன் நிறுத்தியதால், அதில் அமைந்த ஏராளமான படைப்புகள் உலாவிகளில் இயங்காமல் போயின.

மீட்கும் வழிகள் எவை?

பழைய கணினிகளையே பழுதுநீக்கிப் பராமரிப்பது முதல் வழி. அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணப் பல்கலைக்கழகத்தின் மின்னிலக்கிய ஆய்வகம் இதைச் செய்கிறது. அக்கணினிகளில் எழுத்தாளர்களே தங்கள் படைப்புகளை இயக்கி வாசிப்பது, காணொலியாகவும் பதிவு செய்யப்படுகிறது. எனினும், உதிரிபாகங்கள் கிடைப்பது அரிதாகி வருகிறது.

பழைய கணினியைப் போலவே செயல்படும் 'எமுலேட்டர்' மென்பொருளை நிறுவி, அதனுள் படைப்பை இயக்குவது இரண்டாவது வழி. 'ரஃபிள்' எமுலேட்டர் மூலம் பல ஃபிளாஷ் படைப்புகள் மீண்டும் வாசிக்கக் கிடைக்கின்றன. ஆனால், கணினியின் வேகத்தை நம்பி அமைக்கப்பட்ட அசைவுகள் இதில் மாறிவிடக்கூடும்.

புதிய தொழில்நுட்பத்தில் படைப்பை மறுஉருவாக்கம் செய்வது மூன்றாவது வழி. ஸ்டூவர்ட் மௌல்த்ராப்பின் 'விக்டரி கார்டன்' (1991) இவ்வாறு இணையத்துக்கு ஏற்ப மாற்றியமைக்கப்பட்டது. இதனால் வாசகர் எண்ணிக்கை கூடும். ஆனால், மூலத்தின் திரைத் தோற்றமும் வாசிப்பு அனுபவமும் அப்படியே கிடைக்காது.

புதிதாகப் படைப்போர், மூல நிரலையும் தேவையான இயங்குதளம், மென்பொருள் பதிப்பு ஆகிய விவரங்களையும் படைப்புடன் சேர்த்துப் பாதுகாத்தால், பிற்காலத்தில் மீட்பது எளிதாகும்.