பாடிச் சேர்த்தார், வாரிக் கொடுத்தார்!

பொழுது விடிய இன்னும் ஒரு நாழிகை இருக்கும். மயிலாப்பூர் மாட வீதியில் பால்காரரின் சைக்கிள் மணி கேட்கிறது. காபிக் கடையில் பாய்லர் சூடேறுகிறது. கடைக்காரர் சாமி படத்துக்கு ஊதுவத்தி ஏற்றுகிறார்; பாட்டுப் பெட்டியைத் திருகுகிறார். உடனே அந்தக் குரல்! வேங்கடேச சுப்ரபாதம்!

தியாகராய நகரில் பாத்திரக் கடை திறக்கும்போதும் அதே குரல்தான். அடையாற்றில் அடுப்பைப் பற்ற வைக்கும் பாட்டியம்மாளுக்கும் அதே குரல்தான்.

குரலுக்கு உரியவர் எம்.எஸ். சுப்புலட்சுமி என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. 1963-ம் ஆண்டு வெளிவந்தது அந்த ரிக்கார்டு. ரிக்கார்டு விற்க விற்க, பாடியவருக்கு ஒரு தொகை வந்துகொண்டே இருக்கும். அதற்கு ராயல்டி என்று பெயர். வீட்டில் உட்கார்ந்தபடியே வரும் பணம். அந்த அம்மாள் அதைத் தொடவில்லை. திருப்பதி தேவஸ்தானத்தின் வேத பாடசாலைக்கே விட்டுவிட்டார்!

இது ஒரே ஒரு ரிக்கார்டின் கதை. வாழ்நாளில் அவர் நடத்திய தர்மக் கச்சேரிகள் 200-க்கும் மேல். அவற்றால் சேர்ந்த பணம் ஒரு கோடி ரூபாய்க்கும் மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இன்றைய கோடி அல்ல. பள்ளிக்கூட வாத்தியாரின் மாதச் சம்பளம் நூறு ரூபாயைத் தொடாத காலத்தில் தொடங்கிய கணக்கு அது.

தர்மக் கச்சேரி என்றால் என்ன?

சாதாரணக் கச்சேரியில் சபாக்காரர்கள் பாடகருக்குச் சன்மானம் கொடுக்கிறார்கள். அது அவருடைய பிழைப்பு. தர்மக் கச்சேரியில் பாடகர் சன்மானம் வாங்குவதில்லை. ஆஸ்பத்திரியோ பள்ளிக்கூடமோ கோயில் திருப்பணியோ, எதற்குப் பணம் வேண்டுமோ அதற்காக ஒரு கமிட்டி ஏற்படும். மண்டபம் பிடிப்பார்கள். டிக்கெட் அச்சடிப்பார்கள். முன்வரிசை நாற்காலிக்குப் பெரிய தொகை. பின்னால் போகப் போகக் குறையும். கூடவே ஒரு விசேஷ மலர் போட்டு, வியாபாரிகளிடம் விளம்பரம் வாங்குவார்கள். செலவு போக மிச்சமெல்லாம் தர்மத்துக்கு.

கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது. ஆனால் டிக்கெட் விற்கவேண்டுமே! பாடுகிறவர் யார் என்பதைப் பொறுத்துத்தான் மண்டபம் நிறைவதும் காலியாகக் கிடப்பதும். எம்.எஸ். பாடுகிறார் என்றால் மண்டபம் போதாது. அந்தப் பெயரைக் காசாக மாற்றத் தெரிந்த ஒருவரும் பக்கத்திலேயே இருந்தார். அவர்தான் கணவர் சதாசிவம்.

சதாசிவம் தேச விடுதலைப் போரில் சிறை சென்றவர். ஆனந்த விகடன் பத்திரிகையின் விளம்பரப் பகுதியைக் கவனித்தவர். விளம்பரம் வாங்குவது எப்படி, பெரிய மனிதரிடம் கூச்சமில்லாமல் நன்கொடை கேட்பது எப்படி என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. 1940-ம் ஆண்டு ஜூலை 10-ந் தேதி, சென்னைக்கு அருகே திருநீர்மலைக் கோயிலில் இருவருக்கும் திருமணம் நடந்தது. மறு ஆண்டு 'சாவித்திரி' படத்தில் எம்.எஸ். நாரதராக, ஆண் வேடத்தில் நடித்தார். அந்தப் பணம்தான் கல்கி பத்திரிகைக்கு முதலீடாயிற்று!

மதுரைப் பெண்

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். 1916-ம் ஆண்டு செப்டம்பர் 16-ந் தேதி மதுரையில் பிறந்தவர் சுப்புலட்சுமி. தாயார் சண்முகவடிவு, பேர்பெற்ற வீணைக் கலைஞர். எம். என்பது மதுரை; எஸ். என்பது சண்முகவடிவு. அதாவது, ஊர் உலகமெல்லாம் சொல்லும் அந்த இரண்டு எழுத்தில் ஒன்று தாயாரின் பெயர். தேவதாசிக் குலத்தில் பிறந்த பெண்களுக்கு அன்றைய சமூகம் கொடுத்த மரியாதை என்ன என்பது வாசகர்களுக்குத் தெரியாததல்ல. பாட்டைக் கேட்டுத் தலையாட்டுவார்கள், வாசலோடு நிறுத்திவிடுவார்கள். பள்ளிப் படிப்பும் சின்ன வகுப்பிலேயே நின்றுபோயிற்று. இதை நினைவில் வைத்துக்கொண்டுதான் பின்னால் நடந்ததைப் படிக்க வேண்டும்.

1944-ம் ஆண்டு பிப்ரவரி 22-ந் தேதி, பூனாவில் ஆகாகான் மாளிகையில் சிறைவாசத்திலேயே கஸ்தூரிபா காலமானார். கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உதவ, அந்த அம்மையார் பெயரில் ஒரு நிதி தொடங்கினார்கள். காந்திஜிக்கு 75 வயது நிறையும் நேரம். ஆகவே 75 லட்சம் ரூபாய் சேர்க்கத் திட்டம். எம்.எஸ். அந்த நிதிக்காகக் கச்சேரிகள் செய்தார். டிக்கெட் பணம் முழுவதும் நிதிக்குப் போயிற்று. காந்திஜி நன்றிக் கடிதம் அனுப்பினார். அதில் கையெழுத்தைத் தமிழில் போட்டிருந்தார்!

தர்மக் கச்சேரிகளின் நீண்ட வரிசைக்கு அதுதான் பிள்ளையார் சுழி. பிறகு தமிழிசை வளர்ச்சிக்காகப் பாடினார். எட்டயபுரத்தில் கல்கி முயற்சியால் எழுந்து, 1947-ல் திறக்கப்பட்ட பாரதி மணி மண்டபத்துக்காகவும் பாடினார். ஆஸ்பத்திரிகள், பள்ளிக்கூடங்கள், கோயில்கள் என்று பட்டியல் போட்டால் இந்தப் பக்கம் போதாது. தில்லியில் பாட்டைக் கேட்ட நேரு, "இசையரசிக்கு முன்னால் நான் வெறும் பிரதம மந்திரிதானே" என்ற பொருள்படச் சொன்ன வார்த்தை நாடெங்கும் பரவியது.

சதாசிவம் கண்டிப்பானவர் என்பார்கள். எந்தக் கச்சேரியை ஒப்புக்கொள்வது, எதில் எந்தப் பாட்டைப் பாடுவது எல்லாம் அவர் முடிவு. முன்வரிசையில் உட்கார்ந்து சைகையிலேயே உத்தரவு போடுவார். "கொடுத்தது பாடியவரா, பாடச் சொன்னவரா?" என்று கேட்டவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். முடிவு செய்தவர் அவராக இருக்கலாம். ஆனால், இரண்டு மூன்று மணி நேரம் மேடையில் உட்கார்ந்து தொண்டையைக் கொடுத்தவர் அந்த அம்மாள்தான். சன்மானம் இல்லாத கச்சேரி என்பதற்காக ஒரு ராகத்தையாவது அவர் குறைத்துப் பாடியதாக யாரும் சொன்னதில்லை.

உலக சபையில்

1966-ம் ஆண்டு. அக்டோபர் மாதம் 23-ந் தேதி. நியூயார்க் நகரம்.

ஐக்கிய நாடுகள் சபையின் பிறந்த நாள் அக்டோபர் 24. அதற்கு முதல் நாள், பொதுச் சபையின் பெரிய மண்டபத்தில் கர்நாடக சங்கீதக் கச்சேரி! நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் பிரதிநிதிகள் சண்டை போடவும் சமாதானம் பேசவும் கூடும் இடம் அது. ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரிய வேண்டுமே என்பதற்காக, காதில் மாட்டிக்கொள்ளும் மொழிபெயர்ப்புக் கருவி அங்கே உண்டு. பாட்டுக்கு அந்தக் கருவியால் என்ன பயன்?

காலமும் நல்ல காலமாக இல்லை. வியத்நாமில் குண்டு மழை. முந்தின ஆண்டுதான் இந்தியாவும் பாகிஸ்தானும் போரிட்டு ஓய்ந்திருந்தன. வல்லரசுகள் அணுகுண்டுகளைக் குவித்துக்கொண்டிருந்தன. சபையின் பொதுக் காரியதரிசி பர்மாவைச் சேர்ந்த ஊ தாண்ட். அவருக்கு வலக்கை போல இருந்த உயர் அதிகாரி சி.வி. நரசிம்மன், நம் தமிழ்நாட்டுக்காரர், சங்கீதமும் கற்றவர். இந்த ஏற்பாட்டில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

மேடையில் எம்.எஸ். அமர்ந்தார். காஞ்சிப் பட்டு, மூக்கில் வைரம், தலை நிறைய மல்லிகை என்று ஊரில் எப்படியோ அப்படித்தான். (அவர் உடுத்திய ஒருவகை நீலப் பட்டுக்கு 'எம்.எஸ். நீலம்' என்றே பெயர் வந்துவிட்டது. பாண்டி பஜார் பக்கம் போகும் பெண்மணிகளுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.) மகள் ராதா கூடப் பாடினார். வி.வி. சுப்பிரமணியம் பிடில். டி.கே. மூர்த்தி மிருதங்கம்.

தியாகராஜரும் தீட்சிதரும் கேட்டிராத மண்டபத்தில் அவர்களுடைய சங்கீதம் ஒலித்தது. கடைசியில் இரண்டு விசேஷப் பாட்டுகள். ஒன்று, உலக மக்கள் சிநேகத்துடன் வாழ வேண்டும், போர் ஒழிய வேண்டும் என்ற கருத்தில் காஞ்சிப் பெரியவர் சமஸ்கிருதத்தில் அருளிய 'மைத்ரீம் பஜத'. இன்னொன்று, ராஜாஜி எழுதிய பிரார்த்தனைப் பாட்டு. அது ஆங்கிலத்தில்!

ராஜாஜிக்கு அப்போது வயது 87. நான்கு ஆண்டுகளுக்கு முன், 1962-ல், அணுகுண்டுச் சோதனையை நிறுத்த வேண்டும் என்று கேட்க வாஷிங்டன் வரை போய் ஜனாதிபதி கென்னடியைப் பார்த்து வந்தவர் அவர். தாம் நேரில் வாதாடிய விஷயத்தை இம்முறை பாட்டாக எழுதி, சுப்புலட்சுமியின் கையில் கொடுத்து அனுப்பினார் என்றே சொல்ல வேண்டும்.

இதிலிருந்த அபாயத்தைக் கவனிக்க வேண்டும். நம் சங்கீதத்தில் சுரங்கள் ஒன்றன் பின் ஒன்றாக வரும். மேல்நாட்டு முறையில் பல சுரங்கள் ஒரே சமயத்தில் சேர்ந்து ஒலிக்கும். குரலை நிறுத்தும் விதமே வேறு. பழகாதவர் பாடினால் கேலிக்கூத்தாகிவிடும். அதுவும் ஆங்கிலமே தாய்மொழியாக உள்ளவர்களின் முன்னால்! சென்னை வானொலியில் மேல்நாட்டு இசையைக் கவனித்துவந்த ஹாண்டல் மானுவேல் அந்தப் பாட்டுக்கு இசையமைத்துக் கொடுத்தார். ஒவ்வொரு சொல்லின் உச்சரிப்பையும் பாடம் செய்தார் எம்.எஸ். எந்த மொழிப் பாட்டானாலும் அர்த்தம் கேட்டு, உச்சரிப்புக் கேட்டு, தமிழில் எழுதி வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பது அவர் வழக்கம். சின்ன வகுப்போடு படிப்பை விட்டவர், உலக நாடுகளின் பிரதிநிதிகளுக்கு முன்னால் ஆங்கிலத்தில் பாடினார். கேலி செய்ய அங்கே யாருக்கும் இடம் கிடைக்கவில்லை.

அதற்கு முன்பே, 1963-ல், ஸ்காட்லாந்து தேசத்தின் எடின்பரோ கலை விழாவில் அவர் பாடியிருந்தார். பிறகு 1977-ல் நியூயார்க் கார்னகி மண்டபம், 1982-ல் லண்டன் ஆல்பர்ட் மண்டபம், 1987-ல் மாஸ்கோ. சென்னை மியூசிக் அகாடமி 1968-ல்தான் ஒரு பெண்ணுக்கு முதன்முதலாகச் 'சங்கீத கலாநிதி' பட்டம் கொடுத்தது. கொடுக்கப்பட்டவர் இவரே. உலக சபை அழைத்து இரண்டு வருஷம் கழித்து!

1974-ல் பிலிப்பைன்ஸ் தேசத்திலிருந்து மகசேசே பரிசு வந்தது. ஆசியாவின் மிகப் பெரிய கௌரவங்களில் ஒன்று. அது எந்தப் பிரிவில் கிடைத்தது தெரியுமா? கலைக்கு அல்ல, பொதுத் தொண்டுக்கு! பாட்டுப் பாடியதைத் தொண்டு என்று வேற்று நாட்டார் கணக்கில் எழுதினார்கள். பரிசுத் தொகை 10,000 டாலர். அதுவும் தர்மத்துக்கே போயிற்று.

வாடகை வீடு

இவ்வளவு கொடுத்தவர்கள் தங்களுக்கென்று என்ன வைத்திருந்தார்கள்? கீழ்ப்பாக்கத்தில் 'கல்கி தோட்டம்' என்ற பெரிய வீடு இருந்தது. ராஜாஜி முதல் ஊர் பெயர் தெரியாத விருந்தாளி வரை அங்கே வந்து சாப்பிடாதவர் குறைவு. ஆனால் 1970-களின் கடைசியில் பத்திரிகைத் தொழிலில் கடும் பண நெருக்கடி. தோட்டம் கைவிட்டுப் போயிற்று. கணவனும் மனைவியும் வாடகை வீட்டுக்குக் குடிபோனார்கள்.

பலர் உதவத் தயாராக இருந்தார்கள். அவர்கள் யாரிடமும் கைநீட்டவில்லை. கொடுத்துப் பழகிய கைக்கு வாங்குவது கஷ்டம். சும்மா கொடுத்தால் வாங்க மாட்டார்கள் என்பதைத் திருப்பதி தேவஸ்தான அதிகாரி பி.வி.ஆர்.கே. பிரசாத் புரிந்துகொண்டார். அவர் ஒரு வழி கண்டார். வேங்கடாசலபதி மீது அன்னமாச்சாரியார் முதலியோர் பாடிய பாட்டுகளை ரிக்கார்டுகளாகப் பதிவு செய்து தரும்படி கேட்டார். வேலைக்குக் கூலி, அதை மறுக்க முடியாதல்லவா? எம்.எஸ். அறுபது வயது கடந்த பிறகு, புதிதாகத் தெலுங்குப் பாட்டுகளைப் பாடம் செய்ய உட்கார்ந்தார். 'பாலாஜி பஞ்சரத்ன மாலை' என்று ஐந்து ரிக்கார்டுகள் வெளிவந்தன. பிற்பாடு கோட்டூர்புரத்தில், அடையாற்றுக்குப் பக்கத்தில், ஒரு வீடு அமைந்தது. நெருக்கடி தீர்ந்தபின் தர்மக் கச்சேரிகளும் நிற்கவில்லை.

1997 நவம்பர் மாதம் சதாசிவம் காலமானார். அன்றோடு எம்.எஸ். மேடை ஏறுவதை விட்டார். மறு ஆண்டு பாரத ரத்னா விருது வந்தது. சங்கீதக்காரருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் தடவை. ஆனாலும் அவர் மீண்டும் கச்சேரி செய்யவில்லை. 2004 டிசம்பர் 11-ந் தேதி, இன்னும் சில நாட்களில் மார்கழிக் கச்சேரிகள் களைகட்ட இருந்த சமயத்தில், சென்னையில் உயிர் பிரிந்தது.

2016-ம் ஆண்டு அவருடைய நூற்றாண்டு. ஐ.நா. சபை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. அந்த ஆகஸ்டு மாதம் அதே பொதுச் சபை மண்டபத்தில், அவர் நினைவாக, இன்னொரு சென்னைக்காரரான ஏ.ஆர். ரகுமான் இசை நிகழ்ச்சி நடத்தினார். திருப்பதி ஊருக்குள் எம்.எஸ்.ஸின் வெண்கலச் சிலை நிற்கிறது. மலைக்குப் போகும் பஸ்ஸிலிருந்து பார்க்கிற குழந்தைகள், "இது யார் பாட்டி?" என்று கேட்கிறார்கள். "காலையிலே கேட்டியே, அந்தப் பாட்டுக்காரம்மா" என்கிறார்கள் பாட்டிமார்கள்.