"கவனமாகச் செய்" என்றால் எதைச் செய்வது?

குறுவட்ட விளையாட்டுப் போட்டிகளுக்கு இரண்டு வாரமே இருந்தது. எங்கள் உடற்கல்வி ஆசிரியர் வேறு பணிக்குச் சென்றிருந்ததால், கணக்கு ஆசிரியரான நான் கூடைப்பந்துத் திடலில் நின்றுகொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்று ஏழெட்டு முறை எறிந்தாள். ஒன்றுகூட வளையத்துக்குள் விழவில்லை. "நல்லாப் பார்த்துப் போடும்மா" என்றேன். அவள் திரும்பி, குறும்பு ஏதும் இல்லாமல், உண்மையாகவே கேட்டாள்: "எதைப் பார்க்கணும் சார்?"

எனக்கு விடை தெரியவில்லை. மறுநாள் உடற்கல்வி ஆசிரியர் வந்தார். அவள் இரண்டு முறை எறிவதைப் பார்த்தார். "முழங்கை வெளியே போகுது. அதை மட்டும் உள்ளே வை. பந்து விழுதா விழலையான்னு இன்னிக்குப் பார்க்காதே" என்றார். அவ்வளவுதான். அவள் செய்வதற்கு அவர் ஒரு வேலை கொடுத்தார். நான் கொடுத்தது என் ஆசையை மட்டுமே.

அன்று மாலை கணக்கு நோட்டுகளைத் திருத்தும்போது என் சிவப்பு மை எனக்கே உறுத்தியது. 'கவனமாகச் செய்க', 'முயற்சி தேவை', 'நன்று'. ஏழாம் வகுப்பில் ஒரு மாணவன் −3−5 = +8 என்று எழுதியிருந்தான். அவன் கவனக்குறைவால் அப்படி எழுதவில்லை. 'மைனஸும் மைனஸும் பிளஸ்' என்று பெருக்கலுக்குச் சொன்ன விதியை மிகக் கவனமாகக் கூட்டலுக்குப் பொருத்தியிருந்தான். இன்னும் கவனமாகச் செய்யச் சொன்னால் அதே +8 இன்னும் அழகான கையெழுத்தில் வரும்.

அதன்பிறகு சில மாதங்கள், பெரிய கூடைப்பந்துப் பயிற்றுநர்கள் அடிப்படைத் திறன்களை எப்படிக் கற்பிக்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். நம் வகுப்பறைக்கு உதவுபவை என்று எனக்குப் பட்டவற்றை இங்கே பகிர்கிறேன்.

முதலில் ஜான் வுடன். இவர் பயிற்றுவித்தது தொழில்முறை அணியை அல்ல, கல்லூரி அணியை. ஆனால் அவரிடம் பயின்ற கரீம் அப்துல் ஜப்பார், பில் வால்டன் போன்றோர் பின்னர் தொழில்முறை ஆட்டத்தின் உச்சிக்குச் சென்றார்கள். வுடன் நம்மவர்தான், பள்ளியில் ஆங்கில ஆசிரியராக இருந்தவர். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் அணியை 1948 முதல் 1975 வரை பயிற்றுவித்தார். கடைசிப் 12 ஆண்டுகளில் 10 தேசிய சாம்பியன் பட்டங்கள். ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் அவர் நடத்திய முதல் பாடம் காலுறையைச் சுருக்கம் இல்லாமல் அணிவதும் காலணிக் கயிற்றை இறுக்கிக் கட்டுவதும். சுருக்கம் கொப்புளமாகும், கொப்புளம் வந்தால் ஆட்டக்காரர் வெளியே உட்கார வேண்டியதுதான். நாடறிந்த ஆட்டக்காரர்களுக்கும் இதே பாடம்தான்.

1974–75 பருவத்தில் ரோலண்ட் தார்ப், ரொனால்ட் கலிமோர் என்ற இரு உளவியலாளர்கள் அவருடைய 15 பயிற்சி வேளைகளை ஓரமாக உட்கார்ந்து கவனித்தார்கள். அவர் சொன்னது, செய்து காட்டியது என ஒவ்வொன்றையும் வகைப்படுத்திக் குறித்தார்கள். மொத்தம் 2,326 கற்பித்தல் செயல்கள். அவற்றில் பாராட்டு 6.9 விழுக்காடு, கண்டிப்பு 6.6 விழுக்காடு. பாதிக்கும் சற்று மேல், அதாவது 50.3 விழுக்காடு, எதை எப்படிச் செய்வது என்ற நேரடி அறிவுறுத்தல். இன்னொரு 8 விழுக்காடு கண்டித்த கையோடு சரியான முறையையும் சொல்வது. நீண்ட உரைகள் கிடையாது. சில நொடிகளில் முடியும் சிறு சிறு வாக்கியங்கள். தவறு நேர்ந்தால் ஆட்டத்தை நிறுத்தி, சரியான முறையைச் செய்து காட்டுவார். பிறகு ஆட்டக்காரர் செய்த தவறான முறை. மீண்டும் சரியான முறை. பெரும்பாலும் மூன்று நொடிக்குள் முடிந்துவிடும்.

இந்த மூன்று நொடி வரிசையை நான் கரும்பலகையில் முயன்று பார்த்தேன். எண்கோட்டில் −3இல் நின்று இடப்பக்கம் ஐந்து அடி: −8. பிறகு மாணவன் செய்தது: −3இலிருந்து வலப்பக்கம் தாவி +8. மறுபடியும் இடப்பக்கம். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தபோது, "நான் திசையை மாத்திட்டேன்" என்று அவனே சொன்னான். சரியான விடையை மட்டும் எழுதிக் காட்டிய நாள்களில் அவன் இப்படிச் சொன்னதில்லை.

பாராட்டே வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. முன்னணி ஆட்டக்காரர்களைவிட, களத்தில் இறங்க அதிக வாய்ப்புக் கிடைக்காதவர்களுக்கே வுடன் பாராட்டைக் கூடுதலாகக் கொடுத்தார். என் வகுப்பில் நேர்மாறாக நடந்துகொண்டிருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அடுத்தது திருத்தம் கேட்கும் விலை. ஸ்டீபன் கறியை இன்று கூடைப்பந்து பார்க்கும் மாணவர்கள் எல்லோருக்கும் தெரியும். 2015–16 பருவத்தில் மட்டும் 402 மூன்று புள்ளி எறிதல்கள் போட்டவர். பள்ளி நாள்களில் அவர் உருவத்தில் சிறியவர். பந்தை இடுப்பருகிலிருந்து தூக்கி எறிவார். பந்து விழத்தான் செய்தது. ஆனால் உயரமான எதிரணியினர் அதை எளிதில் தடுத்துவிடுவார்கள். அவருடைய தந்தை டெல் கறியும் தொழில்முறை ஆட்டக்காரர். ஒரு கோடை விடுமுறையில் அவர் மகனுடைய எறியும் முறையை அடியோடு மாற்றி, பந்தைத் தலைக்கு மேலிருந்து விட வைத்தார். பல வாரங்கள் அந்தப் பையனால் தொலைவிலிருந்து எறியவே முடியவில்லை. நன்றாக வந்துகொண்டிருந்ததும் கெட்டுப்போனது. வளையத்துக்குப் பக்கத்தில் நின்று தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பின்னால் நகர முடிந்தது.

அடிப்படையைத் திருத்தும்போது செயல்திறன் முதலில் இறங்கும். விரல்விட்டுக் கூட்டியே சரியான விடை எழுதும் குழந்தையை இடமதிப்பு முறைக்கு மாற்றினால், இரண்டு மூன்று வாரம் விடைகள் தவறாகும். அந்த நேரம் பார்த்து வளரறி மதிப்பீடு வரும், மதிப்பெண் குறையும், பெற்றோர் வந்து கேட்பார்கள். பயந்துபோய் நாமும் 'சரி, பழைய முறையிலேயே போடு' என்போம். நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். டெல் கறிக்கு ஒரு கோடை விடுமுறை முழுதும் கிடைத்தது. நமக்கு அப்படி வாய்க்காது. ஆனால் மாற்றத்தை எந்த வாரத்தில் தொடங்குவது என்பது நம் கையில்தான் இருக்கிறது. மதிப்பீடு முடிந்த மறுநாள் தொடங்கினால் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைக்கிறது. பெற்றோரிடம் "ஒரு மாதம் மார்க் குறையும்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதும் உதவுகிறது.

ஒரே நேரத்தில் எத்தனை தவறுகளைத் திருத்துவது? கவாய் லெனார்ட் 2011இல் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணிக்கு வந்தபோது, கல்லூரி ஆட்டங்களில் அவர் எறிந்த மூன்று புள்ளி எறிதல்களில் நான்கில் ஒன்றுதான் விழுந்திருந்தது. எறிதல் பயிற்றுநர் சிப் எங்கெல்லண்ட் முக்கியமாகக் கை வைத்தது ஓர் இடத்தில்: தலைக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்த பந்தைச் சற்று முன்னால் கொண்டுவந்து விடச் செய்தார். தொழில்முறை ஆட்டத்தில் மூன்று புள்ளிக் கோடு அப்போதைய கல்லூரிக் கோட்டைவிடச் சுமார் மூன்று அடி பின்னால் இருக்கும். இருந்தும் முதல் பருவத்திலேயே லெனார்டின் வெற்றி விழுக்காடு 37.6. 2014 இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான்.

இதைப் படித்தபின் ஒரு நோட்டில் ஒரு நாளைக்கு ஒரே ஒரு தவறை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதற்குக் கீழே என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி. மற்ற தவறுகளைச் சிறு புள்ளி வைத்து விட்டுவிடுகிறேன். மேற்பார்வைக்கு வருபவர்கள் திருத்தாத தவறைக் கண்டால் கேட்கத்தான் செய்வார்கள்; விளக்கிச் சொன்னால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். நாற்பது நோட்டுக்கு நாற்பது வரி எழுதுவது எளிதும் அல்ல. வாரத்தில் இரண்டு நாள்தான் என்னால் முடிகிறது.

கடைசியாக மார்க்கெல் ஃபுல்ட்ஸ். 2017இல் அமெரிக்கத் தொழில்முறை அணிகளின் வீரர் தேர்வில் முதலாவதாக எடுக்கப்பட்ட இளைஞர். கல்லூரியில் நன்றாக எறிந்தவர். ஃபிலடெல்ஃபியா அணிக்கு வந்ததும் அவருடைய எறிதல் உருக்குலைந்துபோனது. பந்து பாதி வழியில் கையில் தயங்கி நிற்கும். அந்தக் காணொளிகளைப் பார்த்து ஊரே சிரித்தது. மனம் தளர்ந்துவிட்டது என்றார்கள், முறையை மறந்துவிட்டார் என்றார்கள். 2018 டிசம்பரில் மருத்துவர்கள் காரணத்தைச் சொன்னார்கள்: கழுத்துக்கும் தோளுக்கும் இடையே, காரை எலும்பின் பக்கத்தில் நரம்புகள் அழுத்தப்படும் ஒரு நோய். சிகிச்சைக்குப் பின், 2019–20 பருவத்தில் ஒர்லாண்டோ மேஜிக் அணிக்காக 72 ஆட்டங்கள் ஆடினார்.

எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் கரும்பலகையில் இருக்கும் 8ஐ 6 என்றும், 3ஐ 8 என்றும் எழுதுவான். செய்யும் முறையெல்லாம் சரியாக இருக்கும். எடுத்து எழுதிய எண்தான் தவறு. அரையாண்டு முழுவதும் அப்படியே போனது. கண் பரிசோதனைக்கு வந்த குழுவினர் அவனுக்குக் கிட்டப்பார்வை என்று கண்டுபிடித்துக் கண்ணாடி கொடுத்தார்கள். கண்ணாடி போட்ட முதல் நாள், கடைசி பெஞ்சில் உட்கார்ந்தபடியே பலகையில் இருந்ததை ஒவ்வோர் எண்ணாகச் சத்தமாகப் படித்துக் காட்டினான்.

அவனுடைய பழைய நோட்டை வாங்கிப் புரட்டினேன். பதினொரு இடத்தில் என் கையெழுத்தில் 'கவனமாகப் பார்த்து எழுது' என்று இருந்தது.