ஊரே காசு போட்டு விளக்கு கட்டும். ஒரு நாள் ஊரே அணைக்கும்!

சென்னை, டிச. 19-

இன்று நள்ளிரவு தாண்டி மணி 1-30. மயிலாப்பூர், தி.நகர், அடையாறு எல்லாம் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் இங்கிலாந்தில் ஒரு மீனவ கிராமம் தன் கிறிஸ்துமஸ் விளக்குகளைத் தானே அணைக்கப் போகிறது.

அங்கே அப்போது இரவு 8 மணி. ஒரு மணி நேரம் துறைமுகம் இருட்டில் கிடக்கும். 9 மணிக்கு மறுபடியும் ஜெகஜோதி!

இந்த இருட்டு ஏன்?

எலி வளை!

அந்த ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் "எலி வளை" என்று அர்த்தம் வரும். உள்ளூர்க்காரர்கள் கூப்பிடுவது "மவுசல்". இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் கார்ன்வால் கடற்கரையில் இருக்கிறது. நம்ம நொச்சிக்குப்பம் மாதிரி கடலை நம்பிப் பிழைத்த ஊர்.

1963-ல் ஜோன் கில்கிறிஸ்ட் என்ற பெண் ஓவியர் துறைமுகக் கரையில் ஒரு வரிசை பல்பு கட்டினார். அவ்வளவுதான் ஆரம்பம். பார்த்தவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. அடுத்தடுத்த வருஷங்களில் ஊரே கூடிக்கொண்டது.

செலவுக்கு ஊராரும், பார்க்க வருகிறவர்களும் போடும் நன்கொடை. ஏணி பிடிப்பது, ஒயர் இழுப்பது எல்லாம் தொண்டர்கள். கூலி கிடையாது. தண்ணீரில் மிதக்கும் கடல் பாம்பு விளக்கைப் பார்க்க வெளியூர்க் கூட்டம் ஜே ஜே என்று வரும்.

16 பேர் பலி

1981 டிசம்பர் 19-ந் தேதி இரவு. விளக்குகள் எரிய ஆரம்பித்து சில நாட்களே ஆகியிருந்தன. கடலில் பயங்கரப் புயல். "யூனியன் ஸ்டார்" என்ற சரக்குக் கப்பல் எஞ்சின் நின்று, பாறையை நோக்கித் தள்ளப்பட்டது. உள்ளே 8 பேர். ஹெலிகாப்டர் வந்தும் காற்றில் தூக்க முடியவில்லை.

"சாலமன் பிரவுன்" என்ற மீட்புப் படகு கிளம்பியது. அதில் 8 பேர். எல்லோரும் சம்பளம் வாங்காமல் தொண்டு செய்த ஊர்க்காரர்கள். மாடி வீட்டு உயரத்துக்கு அலை எழும்பிய கடலில் இறங்கினார்கள்.

4 பேரைப் படகில் ஏற்றிவிட்டதாக ரேடியோவில் தகவல் வந்தது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை. 16 பேரும் பலி!

இறந்தவர்களில் சார்லி கிரீன்ஹாக் என்பவரும் ஒருவர். ஊரில் மதுக்கடை நடத்தியவர். விளக்கு வேலையில் முன்னால் நின்றவரும் அவர்தான். துக்கத்தில் ஊர் விளக்குகளை அணைத்தது. மறுபடியும் ஏற்றச் சொன்னது யார் தெரியுமா? அவருடைய மனைவி!

அன்று முதல் வருஷா வருஷம் அதே தேதியில் அந்த ஒரு மணி நேரம். அதன் பிறகு பழையபடி வெளிச்சம்.

லஸ் என்றால் வெளிச்சம்!

கடலுக்கும் விளக்குக்கும் உள்ள இந்த உறவு மயிலாப்பூருக்குப் புதிதல்ல.

தினமும் பஸ்சில் "லஸ் ஒண்ணு குடுங்க" என்று டிக்கெட் வாங்குகிறோமே, அது போர்த்துக்கீசிய வார்த்தை. "வெளிச்சம்" என்று அர்த்தம்.

கடலில் வழி தவறித் தத்தளித்த போர்த்துக்கீசிய மாலுமிகள் கரையில் ஒரு வெளிச்சத்தைக் கண்டு உயிர் தப்பினார்களாம். வெளிச்சம் மறைந்த இடத்தில் மாதாவுக்குக் கோவில் கட்டினார்களாம். இது கர்ண பரம்பரைக் கதை. கோவில் கல்வெட்டில் உள்ள வருஷம் 1516. சுற்றிலும் காடாக இருந்ததால் ஜனங்கள் வைத்த பெயர் "காட்டுக் கோவில்".

துக்கமும் நமக்குப் புதிதல்ல. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமசுக்கு மறுநாள். வாசலில் கட்டிய நட்சத்திரத்தை யாரும் அவிழ்க்காத ஞாயிற்றுக்கிழமை காலை. சுனாமி வந்தது. பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் குடிசைகளை வாரிக்கொண்டு போனது. தப்பியவர்கள் சாந்தோம் பேராலயத்தில் அடைக்கலம் புகுந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் பலி சுமார் 8 ஆயிரம்.

அடுத்த வருஷமும் குப்பத்தில் நட்சத்திரம் கட்டினார்கள். எரிய விடுவதா வேண்டாமா என்று ஒவ்வொரு வீடும் தனக்குத்தானே முடிவு செய்திருக்கும்.

ரசீது புத்தகம்

வசூல் என்றாலே கடைக்காரர்களுக்கு எரிச்சல். ஆடி மாதம் கூழ் ஊற்ற ஒரு ரசீது. பங்குனியில் அறுபத்து மூவர் பந்தலுக்கு ஒரு ரசீது. டிசம்பரில் நட்சத்திரத்துக்கு ஒன்று. "இவனுங்களுக்கு வேற வேலை இல்ல" என்று முணுமுணுத்தபடிதான் கல்லாவைத் திறக்கிறார்கள்.

கணக்குக் கேளுங்கள். கேட்கத்தான் வேண்டும். பிறகு கொடுங்கள்.

பழைய சீரியல் செட்டைப் பார்த்திருப்பீர்கள். ஒரே ஒயரில் பல்புகள் வரிசையாகக் கோர்த்திருக்கும். ஒன்று போனால் வரிசை மொத்தமும் அவுட். எலக்ட்ரீஷியன் ஒவ்வொன்றாகத் திருகிப் பார்ப்பார்.

ஊர் விளக்கும் அப்படித்தான். கம்பெனி விளம்பரத்துக்குக் கட்டும் விளக்கை, தெருவில் சாவு விழுந்தது என்று யாரும் அணைக்க மாட்டார்கள். பத்தும் இருபதுமாகச் சேர்த்துக் கட்டிய விளக்கைத்தான் அணைக்கவும் ஊருக்கு உரிமை உண்டு, திரும்ப ஏற்றவும் உரிமை உண்டு.

மவுசல் ஜனங்கள் இன்று இரவு செய்யப்போவதும் அதைத்தான்.