டெல்லித் தண்ணீரில் டிகாஷன்

சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வருகிற உறவினரின் பையில் காபிப்பொடி இருந்தே தீரும். கரோல்பாக், ஆர்.கே.புரம் தமிழ் வீடுகளுக்கு இது பழகிய சங்கதி. அதே பொடி, அதே ஃபில்டர், போடுகிற கையும் அதே. ஆனாலும் ஊரில் குடித்த ருசி டெல்லியில் வருவதில்லை. பால் சரியில்லை என்பார்கள், சிக்கரி கூடிவிட்டது என்பார்கள். முதலில் சந்தேகப்பட வேண்டியது தண்ணீரை.

டெல்லியின் பல பகுதிகளில் நிலத்தடி நீர் கடினமானது. கால்சியம், மக்னீசியம், பைகார்பனேட் எல்லாம் அதில் மிகுதி. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது கால்சியம் கார்பனேட். காபியைக் கெடுப்பது பைகார்பனேட்தான். அது அமிலங்களை முறித்துவிடும். நல்ல அராபிகாவுக்கு உயிர் கொடுப்பதே அந்த மெல்லிய புளிப்பு. அது போனால் டிகாஷன் கறுப்பாக இருக்கும், சப்பென்று இருக்கும்.

இதற்குப் பயந்து ஆர்.ஓ. நீரை ஊற்றினால் வேறு சிக்கல். உப்புகளில் பெரும்பகுதியை ஆர்.ஓ. அகற்றிவிடுகிறது. 2014-இல் இங்கிலாந்தின் பாத் நகரில் வேதியியலாளர் கிறிஸ்டோபர் ஹெண்டனும் காபிக்கடைக்காரர்கள் இருவரும் சேர்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். காபியின் சுவைப்பொருள்களை மக்னீசியம் அயனிகள் வலுவாகப் பற்றிக்கொள்ளும் என்று அவர்களுடைய கணினிக் கணக்கீடு காட்டியது. ஆக, தண்ணீரில் கொஞ்சம் தாது இருக்கத்தான் வேண்டும், பைகார்பனேட் மட்டும் அளவோடு இருக்க வேண்டும். காபிக்கு லிட்டருக்கு சுமார் 150 மில்லிகிராம் கரைந்த உப்பு போதும் என்பது காபித் துறையினரின் அளவுகோல். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் 500 வரை ஏற்கிறது. குடிக்க உகந்த தண்ணீரெல்லாம் காபிக்கு உகந்ததல்ல.

வீட்டில் செய்யக்கூடியது எளிது. பைகார்பனேட் குறையும்படி குழாய்நீரைச் சில நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, வெள்ளைப்படிவு அடங்கியதும் தெளிவை இறுத்து, ஆர்.ஓ. நீரோடு கலந்து பாருங்கள். விகிதம் பேட்டைக்குப் பேட்டை மாறும். கரைந்த உப்பின் மொத்த அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஓரளவு உதவும், ஆனால் எந்த உப்பு எவ்வளவு என்று அது சொல்லாது. நாக்குதான் சொல்லும். பால் சேர்க்காமல் ஒரு வாய் குடித்துப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும். பாலின் புரதங்கள் கசப்பைப் பிடித்துக்கொண்டு பல குறைகளை மூடிவிடுகின்றன.

ஜனவரிக் குளிர் தனிக் கதை. காலையில் பாத்திரமே பனிக்கட்டியாக இருக்கும். எவர்சில்வர் ஃபில்டரில் கொதிநீர் ஊற்றினால், உலோகம் முதலில் சூட்டை வாங்கிக்கொள்ளும். ஃபில்டரோ சொட்டுச் சொட்டாக இறங்குவது. நீர் ஆற ஆறப் பொடியிலிருந்து சாரம் இறங்குவது குறையும். 90 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டிய நீர் பாதி வழியிலேயே தளர்ந்துவிடுகிறது. பொடி போடுமுன் ஃபில்டரை வெந்நீரில் அலசுங்கள், ஊற்றியபின் தடித்த துணியால் சுற்றி வையுங்கள். கள்ளிச்சொட்டாக இறங்கும்.

சிக்கரியைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அதில் கஃபீன் கிடையாது, ஆனால் நீரில் நிறையக் கரையும். கெட்டித்தன்மையும் நிறமும் அதிலிருந்து வருகின்றன. விதிப்படி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. நான் 20-க்கு மேல் சிக்கரி போகவிட மாட்டேன்.

பொடியின் வயதும் முக்கியம். அரைத்த காபி காற்றுப்பட்ட கணம் முதல் மணத்தை இழக்கிறது. ஊரிலிருந்து வந்த இரண்டு கிலோவை மூன்று மாதம் வைத்துக் குடிப்பதைவிட, இங்கே வறுப்பவர்களிடம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவது மேல். 2013-இல் டெல்லியில் தொடங்கிய ப்ளூ டோக்காய் போன்றவை பொட்டலத்தில் வறுத்த தேதியையே அச்சிடுகின்றன. வாங்கும்போது விலைக்கு முன்னால் அந்தத் தேதியைப் பாருங்கள்.