ஒரே கண்ணியில் ஒரு மேலாடை

விடிவதற்கு முன்னால் பென்னலூர் பேருந்து நிறுத்தத்தில் நின்று பார்த்தால், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தின் இரண்டு பருவங்கள் தெரியும். சாலையோரத்தில் ஒட்டிக்கொள்ளும் புழுக்கம் ஒன்று. கம்பெனி பஸ்ஸின் கதவு திறந்ததும் முகத்தில் அறையும் ஏசிக் குளிர் மற்றொன்று. முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் பருத்திக் குர்தியோடு ஏறி, இருக்கைக்கு மேலே இருக்கும் காற்றுத் துவாரத்தை முதல் வேலையாக அடைக்கப் பார்ப்பார்கள். துப்பட்டா தோளில் நிற்காது. கம்பளி ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டால் இறங்கிய அடுத்த நிமிடமே வியர்க்கும்.

இந்த இடைவெளிக்குப் பொருத்தமான ஆடை ஒன்று உண்டு. துணிக்கடையில் அதை ஷ்ரக் என்பார்கள். முன்பக்கம் திறந்து, முழுக்கையோ முக்கால் கையோ வைத்து, ஓட்டை ஓட்டையாகப் பூவேலை செய்த மெல்லிய கார்டிகன். கிரீமியப் போரில் 1854-ல் குதிரைப்படையை வழிநடத்திய ஆங்கிலேயப் பிரபு கார்டிகனின் பெயர்தான் இந்தச் சட்டைக்கு ஒட்டிக்கொண்டது. அவர் காலத்தில் அது கம்பளியில் வந்தது. நம் ஊர் வெயிலுக்கு அதையே பருத்தி நூலில், குரோஷா ஊசியால் பின்னிக்கொள்ளலாம்.

ஓட்டை நிறைந்த துணி எப்படிக் குளிரைத் தடுக்கும்? தனியாகப் போட்டால் தடுக்காதுதான். ஆனால் குர்தியின் மேல் அதைப் போடும்போது, இரண்டு துணிகளுக்கும் நடுவே கொஞ்சம் காற்று அசையாமல் சிக்கிக்கொள்கிறது. உடம்புச் சூட்டைப் பிடித்து வைப்பது அந்தக் காற்றுதான். மலைக்காற்றுக்கு இது போதாது. பஸ் ஏசிக்குப் போதும். வெயிலில் இறங்கி நடக்கும்போது அதே ஓட்டைகள் வழியாக வியர்வை காய்ந்துவிடும். ஒன்றின் மேல் ஒன்றாக உடுத்துவதன் பயன் இந்த இடத்தில்தான்: தேவைப்படும்போது போட்டு, தேவையில்லாதபோது சுருட்டிக் கைப்பைக்குள் வைத்துவிடலாம்.

இந்த வட்டாரத்தில் இப்படிப் போட்டும் கழற்றியும் வாழ்கிற பெண்கள் எத்தனை பேர் என்பதற்கு ஒரு கட்டடமே சாட்சி. வல்லம் வடகால் சிப்காட்டில் பெண் தொழிலாளர்களுக்காக 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட தங்கும் விடுதியில் 18,720 படுக்கைகள் இருக்கின்றன.

எந்திரத்துக்கு எட்டாத பின்னல்

இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் உற்பத்தியாகிறது. ஒரகடத்தில் காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் உருவாகின்றன. சுங்குவார்சத்திரம் பக்கம் கைப்பேசிகளைப் பூட்டுகிறார்கள். எந்திரக் கை வெல்டிங் வைக்கிறது, பெயின்ட் அடிக்கிறது, கண்ணாடி ஒட்டுகிறது. ஆனால் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு பெண் ஊசியால் போடுகிற குரோஷாப் பின்னலை அச்சு அசலாகப் போட்டு, ஆடை ஆடையாகத் தள்ளுகிற எந்திரம் சந்தையில் இல்லை. ஆய்வுக்கூடங்களில் முயற்சி நடந்திருக்கிறது. ஜவுளித் தொழிலில் 'குரோஷே மெஷின்' என்று ஒன்றை அழைப்பதும் உண்மைதான். ஆனால் அது லேஸ் பட்டையும் குஞ்சமும் தயாரிக்கும் வேறுவகை நிட்டிங் எந்திரம்.

காரணம் பின்னலின் அமைப்பில் இருக்கிறது. ஸ்வெட்டர் நிட்டிங்கில் ஒரு வரிசையின் கண்ணிகள் எல்லாம் ஊசியில் திறந்தபடி வரிசையாக நிற்கும். ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு ஊசி வைத்துவிட்டால் எந்திரம் வரிசை வரிசையாக இறக்கிவிடும். திருப்பூரில் பனியன் துணி அப்படித்தான் உருவாகிறது. குரோஷாவில் எந்த நேரத்திலும் உயிரோடு இருப்பது ஒரே ஒரு கண்ணி. ஊசியின் வளைந்த முனை, ஏற்கெனவே பின்னிய துணியில் வேண்டிய இடத்தில் நுழைந்து, பின்பக்கம் போய், நூலைப் பிடித்து, முன்பக்கம் இழுத்துவர வேண்டும். அடுத்த தடவை நுழையவேண்டிய இடம் வேறு. விரல் நுனி அதைத் தடவியே கண்டுபிடித்துவிடுகிறது. எந்திரத்துக்கு அது பெரிய வேலை.

ஆகவே கடையில் தொங்குகிற கார்டிகன் உண்மையிலேயே குரோஷா என்றால், அதை யாரோ ஒருவர் கையால் பின்னியிருக்கிறார். 300 ரூபாய்க்குக் கிடைக்கிற ஷ்ரக் பெரும்பாலும் எந்திர லேஸ் துணியை வெட்டித் தைத்ததாக இருக்கும்.

நாகர்கோவில் முதல் நர்சாபூர் வரை

தமிழ் மண்ணுக்கு லேஸ் புதிதல்ல. 1819-ல் நாகர்கோவில் வந்த லண்டன் மிஷன் பாதிரியார் சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா, அங்கே பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அது குரோஷா அல்ல. திண்டில் ஊசி குத்தி, நூல் சுற்றிய மரக்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் வகை. அடிமைக் குடும்பத்துப் பெண்கள் சிலர் லேஸ் விற்ற காசில் தங்கள் விடுதலையை வாங்கிக்கொண்டதாக மிஷன் பதிவுகள் பேசுகின்றன. மால்ட் தம்பதியின் மகள் எலைசா, 1844-ல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது லேஸும் கூடப் போனது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதப்பட்ட அதே வீட்டுச் சூழலில், திருநெல்வேலித் தேரிக்காட்டுப் பெண்களின் கைகளில் வெள்ளை நூல் ஓடிக்கொண்டிருந்தது.

ஊசியால் பின்னும் குரோஷா லேஸ் ஐரோப்பாவில் பரவியது ஏறக்குறைய அதே பத்தாண்டுகளில்தான். 1845-ல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அயர்லாந்து செத்துக்கொண்டிருந்தபோது, கன்னியர் மடங்கள் பெண்களுக்குக் குரோஷா கற்றுக்கொடுத்தன. விலை உயர்ந்த வெனிஸ் லேஸின் தோற்றம், அதைவிடக் குறைந்த நேரத்தில் கைகூடியது. பல குடும்பங்களுக்கு அந்த ஊசி கஞ்சி ஊற்றியது.

இந்தியாவில் குரோஷா என்றதும் சொல்லவேண்டிய ஊர் ஆந்திரத்தின் நர்சாபூர். கோதாவரிக் கரையில் மிஷனரிகள் விதைத்த இந்தக் கைவேலைக்கு 2024-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு வெகுகாலம் முன்னாலேயே, 1982-ல், ஜெர்மானிய சமூகவியலாளர் மரியா மீஸ் நர்சாபூர் லேஸ்காரிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். உலகச் சந்தைக்கு ஏற்றுமதியாகும் சரக்கைப் பின்னுகிற பெண்களை ஊரார் வீட்டில் சும்மா இருப்பவர்களாகவே கணக்கிட்டார்கள், அவர்களின் உழைப்பு ஓய்வு நேரப் பொழுதுபோக்காகப் பார்க்கப்பட்டது, கூலி அடிமட்டத்தில் கிடந்தது என்பது அந்த நூலின் சாரம்.

சென்னைக்கும் இதில் ஒரு பெருமை இருக்கிறது. சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' குழு, 2016 ஜனவரி 31 அன்று உலகின் மிகப்பெரிய குரோஷா போர்வைக்கான கின்னஸ் சாதனை படைத்தது. பரப்பு 11,148.5 சதுர மீட்டர். ஸ்ரீபெரும்புதூர் சாலையில் மனை விளம்பரப் பலகைகளைப் படித்தே பழகியவர்களுக்குப் புரியும்படி சொன்னால் 50 கிரவுண்டு. பல ஊர்ப் பெண்கள் தனித்தனியாகப் பின்னிய துண்டுகள் சேர்ந்து போர்வை ஆனது.

கணக்கு முதலில், ஊசி பிறகு

தொலைக்காட்சிப் பெட்டிக்கு மூடியும் வாசலுக்குத் தோரணமும் பின்னியவர்கள் நம் வீடுகளில் நிறையப் பேர். மூடி ஒரு அங்குலம் கூடினால் யாரும் கேட்கப்போவதில்லை. சட்டை அப்படியில்லை. அதனால்தான் அனுபவசாலிகள் கார்டிகனுக்கு முன்னால் ஒரு சின்னச் சதுரம் பின்னிப் பார்க்கச் சொல்கிறார்கள்.

மார்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டர் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். உள்ளே குர்தி இருக்கும் என்பதால் 10 சென்டிமீட்டர் தளர்வு விட்டு, கார்டிகனின் சுற்று 100 என்று வைக்கலாம். மாதிரிச் சதுரத்தில் 10 சென்டிமீட்டருக்கு 20 கண்ணி வந்தால் 198 கண்ணி போட வேண்டும். அது 99 சென்டிமீட்டர். அதே 198 கண்ணியை, கொஞ்சம் தளர்வாகப் பின்னுகிற கை 10 சென்டிமீட்டருக்கு 18 வீதம் போட்டால் 110 சென்டிமீட்டர் ஆகிவிடும். இரண்டே கண்ணி வித்தியாசத்தில் சட்டை அக்காவுக்குப் போய்விடும். சதுரத்தைத் துவைத்துக் காயவைத்த பிறகு அளப்பது இன்னும் முக்கியம். பருத்தி நூல் தண்ணீர் பட்டதும் குணம் மாறும்.

200 என்ற முழு எண்ணை விட்டு 198 எடுத்ததற்குக் காரணம் டிசைன். முதன்முறை பின்னுகிறவர்களுக்கு ஏற்ற லேஸ், ஆங்கில 'வி' எழுத்துப் போல வரும் பின்னல். ஒரே இடத்தில் ஒரு டபுள் குரோஷே, ஒரு செயின், மறுபடி ஒரு டபுள் குரோஷே. இரண்டு கண்ணி விட்டு அடுத்த 'வி'. அடுத்த வரிசையில் ஒவ்வொரு 'வி'யின் நடு ஓட்டையிலும் ஊசியை விட்டு மறுபடி ஒரு 'வி'. ஒரு 'வி'க்கு மூன்று கண்ணி அகலம் என்பதால் எண்ணிக்கை மூன்றால் வகுபட வேண்டும். 198 கண்ணிக்கு 66 'வி'. அக்குள் வரை ஒரே துணியாகப் பின்னி, பிறகு முன்பக்கங்களுக்கு 17, 17 என்றும் முதுகுக்கு 32 என்றும் பிரித்து மேலே ஏறலாம். பக்கவாட்டில் தையலே வராது.

வீடியோ பார்த்துக் கற்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கர்கள் டபுள் என்று சொல்வதை பிரிட்டிஷ்காரர்கள் ட்ரெபிள் என்பார்கள். பிரிட்டிஷ் டபுள் என்பது அமெரிக்காவின் சிங்கிள். இங்கே சொன்னது அமெரிக்கக் கணக்கு. பாதிச் சட்டை முடிந்த பிறகு இந்தக் குழப்பம் தெரியவந்தால், பிரிப்பதைத் தவிர வழியில்லை.

நூலில்தான் பலர் தவறு செய்கிறார்கள். தடித்த பருத்தி நூலில் பின்னிய கார்டிகன் தன் எடையாலேயே தொங்கும். இரண்டு மாதத்தில் இடுப்புச் சட்டை முழங்கால் சட்டையாகும். 100 கிராமில் 400 மீட்டர் அளவுக்கு ஓடக்கூடிய மெல்லிய நூல் நல்லது. 300 கிராம், கூடினால் 350 கிராமில் வேலை முடியும். அதற்கு 3 அல்லது 3.5 மில்லிமீட்டர் ஊசி. நூல் உறையில் போட்டிருக்கும் அளவைவிட அரை மில்லிமீட்டர் பெரிய ஊசி எடுத்தால் துணி விறைக்காமல் வழிந்து விழும். ஒரே சாயத் தொகுதி எண் உள்ள கண்டுகளாகப் பார்த்து மொத்தமாக வாங்கிவிட வேண்டும். பிறகு ஒன்று வாங்கிச் சேர்த்தால் இடது கை வேறு நிறமாக இருக்கும்.

அக்ரிலிக் நூல் விலை மலிவு, நிறம் போகாது. ஆனால் வியர்வையை உறிஞ்சாது. சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் இழை தளர்ந்து, பின்னல் திரும்ப எழும்பாமல் சவமாகப் படுத்துவிடும். நிலைமின்சாரமும் அதில் எளிதில் சேரும். எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் வேலை செய்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நிலைமின் தடுப்பு அங்கி எதற்கென்று அவர்களுக்கே தெரியும். பருத்தியோ அக்ரிலிக்கோ, லேஸ் கார்டிகனுக்கு லைனில் இடமில்லை. சுழலும் எந்திரத்தின் பக்கத்தில் அதன் ஒவ்வொரு ஓட்டையும் ஒரு கொக்கிக்காகக் காத்திருக்கும். கேட்டைத் தாண்டியதும் அது லாக்கருக்குள் போக வேண்டிய பொருள்.

பின்னி முடித்ததும் சட்டை சுருங்கிக் கசங்கி, ஏமாற்றமாகத்தான் தெரியும். லேஸின் முகம் தெரிவது அதற்குப் பிறகு. நனைத்து, துண்டில் சுருட்டிப் பிழிந்து, பாய் மேல் விரித்து, அளவு பார்த்து இழுத்து, துருப்பிடிக்காத குண்டூசிகளால் விளிம்பைக் குத்தி, நிழலில் காயவிட வேண்டும். சுருங்கிக் கிடந்த 'வி'க்கள் ஒவ்வொன்றாகக் கண் திறக்கும். கொடியில் தொங்கப்போட்டால் இவ்வளவு பாடும் வீண். ஈரப் பருத்தி கீழே இழுத்துக்கொண்டு போய்விடும்.

பஸ் பயணத்தில் மூன்று வரிசை

இதற்கு எவ்வளவு நேரம் ஆகும், விற்றால் எவ்வளவு கேட்கலாம்? ஓரளவு பழகிய கைக்கு ஒரு 'வி' போட 10 விநாடி. 66 'வி' கொண்ட ஒரு வரிசைக்கு 11 நிமிடம். உடலுக்கு 55 வரிசை என்றால் 10 மணி நேரம். 20 'வி' அகலத்தில், 45 வரிசை நீளத்தில் இரண்டு கைகளுக்கும் சேர்த்து 5 மணி நேரம். மாதிரிச் சதுரம், கைகளைப் பொருத்துதல், முன்பட்டி, நூல் நுனிகளை உள்ளே மறைத்தல், நனைத்து விரித்தல் எல்லாம் சேர்ந்தால் 22 மணி நேரத்துக்குக் குறையாது. மணிக்கு 60 ரூபாய் என்று மிகக் குறைவாகப் போட்டாலும் கைக்கூலி மட்டும் 1,320 ரூபாய். நூல் விலை தனி. 'வெறும் நூல்தானே, 500 ரூபாய்க்குத் தர மாட்டீங்களா?' என்று கேட்பவரிடம் இந்தக் கணக்கைத்தான் எடுத்து நீட்ட வேண்டும். நர்சாபூர் பெண்களுக்கு இந்தக் கணக்கை யாரும் போட்டுக் காட்டவில்லை.

தனக்காகப் பின்னுகிறவருக்கு வேறு கணக்கு. 45 நிமிட பஸ் பயணத்தில், ஆட்டத்தில் ஓட்டை தவறிப் பிரித்துப் போடுவதையும் சேர்த்து, மூன்று வரிசை. இரவு ஷிப்ட் முடிந்து வரும் காலையில் ஊசியைத் தொட முடியாது, தூக்கம் முந்திக்கொள்ளும். வாரத்துக்கு நான்கைந்து பயணம் வாய்த்தால், உடலுக்கும் கைகளுக்கும் ஏறக்குறைய ஒன்றரை மாதம் பிடிக்கும். ஓரவேலைக்கு இரண்டு ஞாயிறு. ஐப்பசி மழையில் முதல் செயினைப் போட்டவர், மார்கழிப் பனியில் அதைத் தோளில் போட்டுக்கொண்டு பென்னலூர் நிறுத்தத்தில் அதே பஸ்ஸுக்குக் கை நீட்டலாம்.