பர்ட்டன் கிணற்றுத் தண்ணீர்

பீரில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர்தான். ஆனாலும் மால்ட்டுக்கும் (முளைகட்டி உலர்த்திய தானியம்) ஹாப்ஸுக்கும் (கசப்பு தரும் பூ) கிடைக்கிற பெயர் தண்ணீருக்குக் கிடைப்பதில்லை. இங்கிலாந்தின் பர்ட்டன் ஆன் டிரென்ட் இதற்கு விதிவிலக்கு. ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) படுகையில் ஊறும் அவ்வூர்க் கிணற்று நீரில் சல்பேட் மட்டும் லிட்டருக்கு 600 மில்லிகிராமைத் தாண்டும். ஹாப்ஸின் கசப்பு அதில் பளிச்சென்று, நாவில் தங்காமல் தெரியும். 1820களில் இந்தியாவுக்குக் கப்பலேறத் தொடங்கிய பர்ட்டன் பீர், ஊரின் பெயரையும் பரப்பியது. லண்டன் தண்ணீரில் அந்தச் சுவை வரவில்லை. லண்டன் பீர் கம்பெனியான ட்ரூமன் வேறு வழியின்றி 1873இல் பர்ட்டனிலேயே ஒரு ஆலையை வாங்கியது. ரகசியம் ஜிப்சத்தில் இருக்கிறது என்று வேதியியலாளர்கள் கண்டுசொன்ன பிறகு, மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் தண்ணீரிலேயே அதைக் கலக்க ஆரம்பித்தார்கள்.

செக் நாட்டின் பில்சனில் கதை நேர்மாறு. அங்கே தண்ணீரில் உப்புகளே அபூர்வம். 1842இல் யோசப் குரோல் அங்கு காய்ச்சிய பொன்னிற பீர், அந்த மென்னீர் இல்லாமல் அவ்வளவு மென்மையாக வந்திருக்காது.

தண்ணீரின் வேலை முதல் படியிலேயே தொடங்கிவிடுகிறது. மால்ட்டைச் சுமார் 65 டிகிரி வெந்நீரில் ஊறவைக்கும்போது அதிலுள்ள நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகின்றன. அந்தக் கூழின் பிஎச் (அமிலத்தன்மையின் அளவு; அமிலம் கூடினால் இது இறங்கும்) 5.2க்கும் 5.6க்கும் இடையில் இருந்தால் வேலை ஒழுங்காக நடக்கும். தண்ணீரிலுள்ள கால்சியம் பிஎச்சை இறக்கும், பைகார்பனேட் ஏற்றும். கருக வறுத்த மால்ட்டில் அமிலம் அதிகம். அதனால்தான் பைகார்பனேட் மிகுந்த லண்டனுக்கும் மியூனிக்குக்கும் கறுத்த பீர் கைகொடுத்தது. சொல்லப்போனால், பிஎச் என்ற அளவுகோலே ஒரு பீர் கம்பெனி தந்தது: 1909இல் அதை வகுத்த சோரென்சென், கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் இருந்தவர்.

இன்று பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வீட்டிலேயே பீர் காய்ச்சுபவர்கள் ஊர் மாற வேண்டியதில்லை. ஆர்.ஓ. தண்ணீரில் தொடங்கி, வேண்டிய உப்பைத் தாங்களே சேர்க்கிறார்கள். பத்து லிட்டருக்கு ஒரு கிராம் ஜிப்சம் போட்டால் லிட்டருக்கு ஏறத்தாழ 56 மில்லிகிராம் சல்பேட்டும் 23 மில்லிகிராம் கால்சியமும் கூடும். கசப்பு முன்னால் நிற்க வேண்டுமென்றால் ஜிப்சம்; மால்ட் சுவை நாக்கில் நிறைந்து நிற்க, கால்சியம் குளோரைடு. பில்சனர் என்றால் இரண்டிலும் கொஞ்சம்தான். பிஎச்சை இறக்கச் சில துளி லாக்டிக் அமிலம்.

குழாய்த் தண்ணீரில் காய்ச்சுபவர்கள் முதலில் குளோரினை விரட்ட வேண்டும். இல்லாவிட்டால் பீரில் ஆஸ்பத்திரி வாடை அடிக்கும். கொதிக்கவைத்தால் குளோரின் போய்விடும். குளோரமின் லேசில் போகாது. அதற்குச் சிட்டிகையளவு பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் போதும். நம் வீடுகளில் பழ ஸ்குவாஷ் கெடாமலிருக்கச் சேர்க்கிற அதே பொடிதான்.

புதிதாக இறங்குபவர்களை ஆசை இழுப்பது பர்ட்டன் தண்ணீரை அப்படியே நகலெடுக்கத்தான். அது வேண்டாத வேலை. சல்பேட் அளவு மீறினால் கசப்பு முரடாகிவிடும்; பர்ட்டன் அளவில் பாதியே தாராளம்.